அழற்சியும் தாவர மஞ்சட்பொருள்களும்

முயல் என்னும் வினையடி 'சி' விகுதி பெற்று முயற்சி எனவும், பயில் என்பது பயிற்சி எனவும் வருதல் போல, அழல் என்பது அழற்சி என வரும். உடலில் ஓரிடம் தீப்பட்டாற்போலக் காய்ந்து, சிவந்து, வீங்கி, நோவு தரும் நிலையை இக்கால மருத்துவத் தமிழ் இச்சொல்லாற் குறிக்கின்றது. இலத்தீன் மொழியில் இந்நிலைக்கு வழங்கும் சொல்லும் தீக்கொளுவுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்ததே. கி.பி. முதல் நூற்றாண்டிலே உரோம நாட்டில் வாழ்ந்த செல்சசு என்பார், செம்மை, வீக்கம், வெப்பம், நோவு என்னும் நான்கனையும் அழற்சியின் குறிகளாக எழுதி வைத்தார். இருபது நூற்றாண்டுகள் கழிந்தும் மருத்துவ மாணவர் இந்நான்கனையே முதற்கண் கற்கின்றனர்.

அழற்சி என்பது தன்னளவில் நோயன்று என்பதை முதலிற் கூறிவிடுதல் வேண்டும். முள் தைத்த காலில் வீக்கம் எழுவது, புகுந்த நுண்ணுயிரை எதிர்த்து உடல் செய்யும் போரின் விளைவேயாம். அப்போர் முடிய வேண்டிய காலத்தில் முடியாது நீடிப்பதும், பகையில்லாத இடத்தில் எழுந்து தன் உடலையே அழிப்பதுமே நோய் எனப்படும். மூட்டுகளை முடக்கும் வாதநோய்களிற் பல இவ்வகையின. ஆதலின் 'அழற்சியைத் தணிக்கும்' என ஒரு பொருளைப் புகழுமிடத்து, எவ்வழற்சியை, எவ்வளவு, யாருடைய உடலில் என்னும் வினாக்கள் உடன் எழுதல் வேண்டும். தாவரங்களிலுள்ள பிளேவனாய்டு என்னும் பொருள்களைப்பற்றி இன்று வழங்கும் புகழ்ச்சிகளை இவ்வினாக்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளேவனாய்டு என்னும் பெயர், மஞ்சள் நிறம் எனப் பொருள்படும் 'பிளாவசு' என்ற இலத்தீன் சொல்லினின்று வந்தது. அதனால் இவற்றை மஞ்சட்பொருள்கள் என்று ஈண்டுக் குறிப்போம். ஆயினும் அப்பெயர் முழுதும் பொருந்துவதன்று. இக்குடும்பத்தில் நாவற்பழத்தின் கருநீலத்தைத் தரும் பொருள்களும் உண்டு. நிறமே இல்லாதனவும் உண்டு. மறுதலையாக, மஞ்சள் நிறமுடைய பொருள் யாவும் இக்குடும்பத்தைச் சார்ந்தன அல்ல. நம் அடுக்களை மஞ்சளுக்கு நிறந்தரும் குர்க்குமின் என்பது வேறொரு குடும்பத்தது. மஞ்சளின் பெருமையை எடுத்துக் கூறுவோர் பலர் அதனையும் பிளேவனாய்டு என்று எழுதிவிடுகின்றனர், அது பிழை. பெயர் நிறத்தால் அமைந்தது. உறவோ அமைப்பால் அமைந்தது. அவ்வமைப்பாவது: ஆறு கரியணுக்களாலாகிய வளையங்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் கரியணுக்கள் மூன்று, ஆகப் பதினைந்து. இவ்வொரு சட்டத்தின்மேல் உயிரியமும் சருக்கரையும் பிறவும் வெவ்வேறிடங்களிற் சேர்தலால் ஆயிரக்கணக்கான பொருள்கள் தோன்றுகின்றன. கடும் வெயிலின் புறவூதாக் கதிரைத் தடுத்தற்கும், வண்டினை அழைத்தற்கும், வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்க்குக் குறிப்புணர்த்தற்கும் செடிகள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. மனிதனின் மூட்டுவலியை நினைந்து எச்செடியும் இவற்றை ஆக்கவில்லை.

இப்பொருள்களை மனிதர் முதலில் நாடியது மருந்துக்காக அன்று, சாயத்துக்காகவே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்டு பேங்கிராப்டு என்பவர் அமெரிக்க ஓக்கு மரப்பட்டையிலிருந்து மஞ்சட்சாயம் ஒன்றை எடுத்து இங்கிலாந்தில் வாணிகப்படுத்தினார். இன்று மிகுதியாக ஆராயப்படும் குவெர்செட்டின் என்னும் பொருளின் பெயர் அம்மரத்தின் இலத்தீன் பெயரினின்றே வந்தது. நம் நாட்டுப் பருத்திப் பூவின் மஞ்சளும் சாய ஆராய்ச்சியாளரின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின் என்பார் 1899ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து, அதன் நிறப்பொருளுக்குக் கோசிபெட்டின் என்று பெயரிட்டார். 1904இல் அவரும் அவர்தம் துணைவரும் புரசம்பூவின் மஞ்சட்பொருளையும் ஆராய்ந்தனர். சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசமரம் இதுவே. இதன் பூ செந்தழல் நிறத்தது. வடநாட்டார் இதனை ஊறவைத்து ஓலிப் பண்டிகைக்குரிய நிறநீரை ஆக்குவர். அழல் நிறப் பூவிலுள்ள பொருள்கள் சிலவற்றை அழற்சிக்கு எதிராகச் சோதனைக் குழாயில் ஆராயும் காலம் அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்னரே வந்தது.

இத்துறையில் தமிழ்நாட்டவர் ஒருவரின் பணி உலகறிந்தது. குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிறந்த தி. இரா. சேஷாத்திரி, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, மாஞ்செசுட்டரில் இராபர்ட்டு இராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து, பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் வேதியியல் துறையை நடத்தினார். பருத்தியினப் பூக்களின் நிறப்பொருள்களின் அமைப்பைத் துணிதலில் அவரும் அவர் மாணவரும் பல்லாண்டு உழைத்தனர். 1960இல் அவர் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அவருடைய நோக்கம் அமைப்பை அறிதலே. மருந்து தேடுதல் அன்று. எனினும் பருத்தியின் உறவாகிய ஒரு மஞ்சட்பூச் செடியிலிருந்து பெற்ற கோசிப்பின் என்னும் பொருள் எலிகளின் வீக்கத்தைக் குறைத்தது என 1978இல் இந்திய மருந்தியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமைப்பு முன்னரே துணியப்பட்டிருந்தமையால், இன்ன பொருள் இன்ன செயல் செய்தது என்று ஐயமறக் கூற முடிந்தது. இலைச்சாற்றை மட்டும் கொண்டு செய்யும் சோதனைக்கு இத்தெளிவு வாய்ப்பதில்லை. அமைப்பாராய்ச்சியை வறட்டுக் கல்வி என இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

சாயம் மருந்தாக மாறிய கதைக்கு 1936ஆம் ஆண்டு ஒரு தொடக்கமாகும். எலுமிச்சைத் தோலினின்றும் மிளகாய் வகையொன்றினின்றும் பெற்ற மஞ்சட்பொருள்கள் நுண்ணிய குருதிக்குழாய்களின் கசிவைத் தடுக்கின்றன என்று அங்கேரி நாட்டு ஆல்பர்ட்டு செண்ட்-கியார்கியும் அவர் குழுவினரும் அறிவித்தனர். அவற்றுக்கு 'வைட்டமின் பி' என்ற பெயரும் சூட்டினர். இது பி-குழு வைட்டமின் அன்று. கசிவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தாற் பெற்ற பெயராகும். அடுத்த ஆண்டே செண்ட்-கியார்கிக்கு வேறு பணிகளுக்காக நோபல் பரிசு கிடைத்தது. அத்துணைப் பெரியார் கூறியும், இப்பொருள்கள் இல்லாவிடின் உடல் நோயுறும் என்பதை மற்றையோர் மெய்ப்பிக்க இயலவில்லை. 1950ஆம் ஆண்டளவில் அப்பெயரைக் கைவிடுமாறு அறிஞர் குழு பரிந்துரைத்தது. இக்கதையை நினைவிற் கொள்க. இதே வடிவம் பின்னும் இருமுறை நம்முன் வரும்.

இனி, இப்பொருள்கள் அழற்சியில் எங்கு நுழைகின்றன என்று பார்ப்போம். உயிரணுவின் உறையிலுள்ள கொழுப்பிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்னும் பொருள் விடுபடும்போது அழற்சியின் ஒரு பெரும்பகுதி தொடங்குகின்றது. அவ்வமிலத்தை இருவகை நொதிகள் பற்றி இருவேறு வழியிற் செலுத்துகின்றன. ஒரு வழியிற் பிறப்பன புரோசுட்டாகிளாண்டின்கள். இவை நோவையும் காய்ச்சலையும் மிகுவிப்பன. மற்றொரு வழியிற் பிறப்பன லூக்கோட்டிரையீன்கள். இவை வெள்ளணுக்களை அவ்விடத்துக்கு ஈர்ப்பன. ஆசுபிரின் முதல் வழியை அடைக்கின்றது என்பதை 1971இல் ஜான் வேன் என்பவர் காட்டினார். குவெர்செட்டின் போன்றவை இரண்டாம் வழியின் நொதியையும் தடுக்கின்றன என்பது சோதனைக் குழாயிற் பன்முறை கண்ட உண்மை. இவையேயன்றி, உயிரணுவின் கருவினுட் புகுந்து அழற்சிக்குரிய மரபணுக்களை எழுப்பும் புரதம் ஒன்று உண்டு. 1986இல் இரஞ்சன் சென்னும் டேவிட்டு பால்ட்டிமோரும் கண்ட அப்புரதத்துக்கு என்.எஃப். கப்பா-பி என்று பெயர். மஞ்சட்பொருள்கள் பல, இப்புரதம் கருவினுள் புகுதலைக் கட்டுப்படுத்துகின்றன எனவும் ஆய்வுகள் கூறுகின்றன.

இச்சட்டத்தின் உறவுப்பொருள் ஒன்று மெய்யாகவே மருந்தான வரலாறும் உண்டு. எகிப்தில் நெடுங்காலம் வழங்கிய மூலிகை ஒன்றின் விதையிலே கெல்லின் என்னும் பொருள் உள்ளது. மஞ்சட்பொருளின் சட்டத்தில் ஒரு பகுதி இதனிலும் அமைந்திருக்கின்றது. எனினும் இஃது அக்குடும்பத்தைச் சார்ந்ததன்று. இதனை முதலாகக் கொண்டு ஆக்கிய செயற்கைப் பொருள்களை, ஈளை நோயுடைய மருத்துவராகிய ரோஜர் ஆல்ட்டூன்யன் தம் உடலிலேயே சோதித்தார்; நோயை வரவழைக்கும் பொருளை முகர்ந்து, பின் மருந்தின் தடுப்பாற்றலை அளந்தார். அவ்வழியில் 1965இல் கிடைத்த குரோமோகிளைக்கேட்டு, ஈளைக்கும் ஒவ்வாமைக்கும் மருந்தாயிற்று. மூலிகை தந்தது குறிப்பு. மருந்து ஆனது அக்குறிப்பின்மேல் நெடுநாள் உழைத்து மாற்றிய பொருள்.

நம் நாட்டு மூலிகை ஒன்றை இனி எடுத்துக்கொள்வோம். வேலிகளிற் படரும் முடக்கற்றான் கொடியை அறியாதார் இலர். இதன் இலையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பர், இரசம் வைப்பர். பெயரே ஒரு மருத்துவக் கூற்றாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. முடக்கறுத்தான் எனவும் இது வழங்கும். முடக்கினை அறுத்தது என்னும் பொருளுக்குப் பிறவினையாகிய 'அறுத்தான்' என்பதே நேரிது. 'அற்றான்' என்பது தன்வினை. பேச்சு வழக்கில் காற்று காத்தாவதுபோல முடக்கற்றான் முடக்கத்தான் ஆயிற்று. மேலைநாட்டுப் பயிர்நூலார் இதற்கு இட்ட பெயரோ இதயவித்து எனப் பொருள்படுவது. கரிய விதையின்மேல் இதய வடிவில் வெண்புள்ளி ஒன்று இருத்தலே காரணம். அவர் கண்டது உருவை. நம்மவர் பெயரிற் பொதிந்தது பயனை.

இவ்விலையில் அப்பிஜெனின், லூட்டியோலின் முதலிய மஞ்சட்பொருள்கள் உள்ளமை கண்டறியப்பட்டுள்ளது. அழற்சியில் இதன் செயல்பற்றி 1987இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2009இல் வந்த கேரள ஆய்வொன்று, இதன் சாறு வளர்ப்பு உயிரணுக்களில் மேற்கூறிய கப்பா-பி வழியை அடக்கி, அழற்சிப் புரதங்களைக் குறைத்தது எனக் காட்டிற்று. இவற்றை அறிந்தவுடன் 'முன்னோர் பெயரிட்டது மெய்யாயிற்று' என எழுதிவிடும் ஆர்வம் நமக்கு எழுதல் இயல்பே. அவ்வார்வத்தைச் சற்று நிறுத்தி வைத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. காரணம் வருமாறு.

வளர்ப்பு உயிரணுவின்மேல் பொருளை நேரே ஊற்றுகின்றோம். பெரும்பாலான ஆய்வுகளில் அதன் செறிவு ஒரு லிட்டருக்குப் பத்து முதல் நூறு மைக்ரோமோல் வரை இருக்கும். உணவின்வழி உண்ட குவெர்செட்டினோ குருதியில் ஒரு மைக்ரோமோல் அளவைக்கூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அதுவும் தன் உருவில் வருவதன்று. குடற்சுவரும் ஈரலும் அதனோடு குளுக்குரோனிக் அமிலத்தையோ கந்தகக் கூட்டையோ பிணைத்து, வெளியேற்றுதற்கு ஆயத்தம் செய்துவிடுகின்றன. குழாயிற் சோதித்த பொருளும் குருதியில் ஓடும் பொருளும் ஒன்றல்ல. இதனை மறந்து எழுதிய கட்டுரைகள் எண்ணில.

குடலில் நிகழ்வதைத் தெளிவாக்கிய ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் 1995இல் வெளிவந்தது. பெருங்குடல் நீக்கப்பெற்ற ஒன்பது பேருக்கு வெங்காயத்தையும், தூய குவெர்செட்டினையும், ரூட்டினையும் தனித்தனியே அளித்து, சிறுகுடலின் முடிவில் எஞ்சி வருவதை அளந்தனர். பெருங்குடல் நுண்ணுயிர்கள் சருக்கரையை அறுத்த பின்னரே மஞ்சட்பொருள் உட்புகும் என்பது அதுவரை இருந்த கொள்கை. ஆய்வின் முடிவு அதற்கு மாறாக இருந்தது. வெங்காயத்துச் சருக்கரைக் கூட்டு 52 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. தூய குவெர்செட்டின் 24 விழுக்காடும், ரூட்டின் 17 விழுக்காடுமே. பிணைந்த சருக்கரை இன்னதென்பதே உட்புகுதலைப் பெரிதும் அறுதியிடுகின்றது. எனவே ஒரே மஞ்சட்பொருள் இரு செடிகளில் இருப்பினும் இரண்டும் ஒருதன்மைய ஆகா. வெங்காயத்தின் வெளியடுக்குகளிலேயே இப்பொருள் மிகுதி. உரிக்கும்போது காய்ந்த தோலோடு சதையடுக்கையும் சேர்த்து எறிவோர் பெரும்பகுதியை எறிந்துவிடுகின்றனர். வேகவைத்த நீரில் ஒரு பங்கு இறங்கிவிடும். நீரைக் கொட்டாது குழம்பாக்கும் நம் வழக்கம் இவ்வளவில் நன்று.

பிணைக்கப்பட்ட உருவம் பயனற்றதே என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. அழற்சி மூண்ட இடத்தில் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதி ஒன்று, குளுக்குரோனிக் அமிலப் பிணைப்பை அறுத்து, மஞ்சட்பொருளை அவ்விடத்திலேயே விடுவிக்க வல்லது. 2008இல் சப்பானிய அறிஞர், மனிதரின் தடித்த தமனிச் சுவரில், குவெர்செட்டினின் பிணைப்புருவம் விழுங்கணுக்களில் தங்கியிருப்பதைக் கண்டனர். பூட்டிய பெட்டியாகச் செல்வதைத் தீப்பற்றிய வீட்டார் தாமே திறந்துகொள்வது போன்றது இது. இவ்வழியே செயல் நிகழுமாயின், குருதியில் அளவு குறைவு என்னும் தடை ஓரளவு தளரும். இன்றைய ஆராய்ச்சியில் எமக்கு மிகச் சுவையாகத் தோன்றுவது இப்பகுதியே.

மற்றொரு தடை சோதனை முறையையே சார்ந்தது. ஒட்டுந் தன்மையால் பல்வகைப் புரதங்களையும் ஒருங்கே பற்றி, எச்சோதனையிலும் வெற்றி பெற்றாற்போலத் தோன்றும் மூலக்கூறுகளை 2010இல் ஆத்திரேலிய வேதியியலார் இருவர் வகுத்துக் காட்டினர். குவெர்செட்டினை ஒத்த அமைப்புடையன பலவும் இவ்வையத்துக்கு உட்பட்டன. நூறு பூட்டுக்கும் பொருந்தும் திறவுகோல் என்று நாம் வியப்பது, பூட்டின் துளையில் ஒட்டிக்கொண்ட அரக்காகவும் இருக்கலாம். விலங்குச் சோதனையிலும் எல்லை உண்டு. கடற்பாசியினின்று எடுக்கும் கராகீனன் என்னும் கொழகொழப்பான பொருளை எலியின் பாதத்திற் செலுத்தி, சில மணிநேரத்தில் எழும் வீக்கத்தை அளக்கும் முறை 1962 முதல் வழங்குகின்றது. (நம் இராமநாதபுரக் கடற்கரையில் வளர்க்கும் பாசியும் இப்பொருளுக்காகவே.) சில மணிநேர வீக்கமும், ஆண்டுக்கணக்கில் மூட்டை அரிக்கும் நோயும் வேறு வேறு.

மனிதரிடம் செய்த சோதனைகளுக்கு வருவோம். முடக்குவாத நோயினர் இருபதின்மரைக் கொண்டு கொரியாவில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், குவெர்செட்டினை வைட்டமின் சி-யோடு நான்கு வாரம் அளித்தும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈரானில் ஐம்பது பெண்களுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் அளித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், காலைநேர விறைப்பும் நோவும் குறைந்தன. இரண்டும் சிறியன, அளவும் காலமும் வேறு. பெரிய ஆய்வு வேண்டுமெனின் இதயநோய்த் துறையை நோக்க வேண்டும். அங்கும் 1993இல் நெதர்லாந்தில் 805 முதியோரைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, தேநீர், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றின்வழி மஞ்சட்பொருளை மிகுதியாக உண்டவரிடம் இதயநோய்ச் சாவு குறைவு எனக் காட்டிப் பெருநம்பிக்கை ஊட்டிற்று. கொக்கோ மஞ்சட்பொருளை 21,442 பேரிடம் சோதித்து 2022இல் அமெரிக்காவில் வெளிவந்த பேராய்விலோ, முதன்மை அளவீடாகக் கொண்ட மொத்த இதய, குருதிக்குழாய் நிகழ்வுகள் உறுதியாகக் குறையவில்லை. அந்நோய்களால் நிகழ்ந்த சாவு மட்டும் குறைந்திருந்தது. 1936இன் கதை இஃது ஒருமுறை.

இரண்டாம் முறை, தீங்கோடு வந்தது. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நாம் அறிவோம். கருங்காலி வைரத்தை நீரிலிட்டுக் காய்ச்சித் திரட்டுவது. கன்னடத்தும் மலாய் மொழியிலும் இதற்கு 'காச்சு' என்னும் ஒலியினவான பெயர்கள் உண்டு; ஐரோப்பியர் அதனைத் தம் மொழிக்கேற்பக் 'கட்டெச்சு' என வழங்கினர்; அதனுள்ளிருந்த மஞ்சட்பொருட் குடும்பத்தது கேட்டெச்சின் எனப் பெயர்பெற்றது. இக்கருங்காலிச் சாற்றையும் சீனத்து மூலிகை வேரொன்றின் சாற்றையும் கலந்து, மூட்டுத்தேய்வுக்கு மருத்துவ உணவு என்னும் பெயரில் அமெரிக்காவில் விற்றனர். மருந்து எனப் பதிந்திருந்தால் செய்யவேண்டிய சோதனைகள் உணவு என்றமையால் வேண்டாவாயின. உண்டவர் சிலருக்கு ஈரல் கடுமையாகப் பழுதுற்றதை 2012இல் மருத்துவர் வெளியிட்டனர். நுரையீரல் அழற்சியும் சிலருக்கு நேர்ந்தது. அழற்சியைத் தணிக்க உண்டது அழற்சியை மூட்டிற்று. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. 2018 சனவரியில் அப்பொருள் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, பசுந்தேயிலைச் சாற்றுப் பொடியின்வழி அதன் முதன்மைக் கேட்டெச்சினை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொள்வோர்க்கு ஈரல் நொதிகள் உயர்தலைச் சுட்டியது. தேநீர் அருந்துவோர் அஞ்ச வேண்டா. கூற்று செறித்த பொடியைப் பற்றியதே. பல குவளையின் சாரத்தை ஒரு மாத்திரையில் அடக்கியபின் அது தேநீர் அன்று.

இவ்வளவும் எழுதியது முடக்கற்றானைத் தாழ்த்துதற்கன்று. இலையை இரசமாக உண்பதில் யாம் தடை காணவில்லை, யாமே உண்கின்றோம். தடை காண்பது வேறிடத்தில். முடக்குவாதம் தொடங்கிய முதல் ஆண்டுகளிலேயே குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன, அரிக்கப்பட்டது மீள்வதில்லை. மெத்தோட்டிரெக்சேட்டு முதலிய மருந்துகள் அவ்வரிப்பைத் தடுத்து நிறுத்துவன என்பது பெரிய ஆய்வுகளால் துணியப்பட்டது. அம்மருந்தை விடுத்து, இலையிலுள்ள மஞ்சட்பொருள் கப்பா-பி-யை அடக்கும் என்று எங்கோ படித்து, அவ்விலையை மட்டும் நம்பியிருப்பவர் இழக்கும் காலம் அவருடைய விரல்மூட்டுகளுக்கு உரியது. முன்னோர் முடக்கு என்றது எத்தனை நோய்களை என்பதை ஒரு பெயரைக்கொண்டு வரையறுத்தல் இயலாது. வழிநடைச் சோர்வால் வரும் பிடிப்பும் முடக்கே. மூட்டையே தின்னும் நோயும் முடக்கே.

முடக்கற்றானை முறையாகச் சோதிக்க வேண்டுமாயின் செய்யவேண்டுவன அரியன அல்ல. எந்நிலத்து இலை, எப்பருவத்தது, அதிலுள்ள லூட்டியோலின் எவ்வளவு, எச்சருக்கரையோடு பிணைந்தது என்று முதலில் அளக்க வேண்டும். இரசமாகவும் தோசையாகவும் உண்டவரின் குருதியில் சில மணிநேரத்துக்கு ஒருமுறை அதன் பிணைப்புருவங்களைத் தேட வேண்டும். குருதியில் கண்ட அவ்வுருவத்தையே, கண்ட அவ்வளவிலேயே, உயிரணுக்களின்மேல் இட்டுப் பார்க்க வேண்டும். பின்னர், வழக்கமான மருந்தை விடாது உண்டுவரும் நோயினரை இரு குழுவாகப் பகுத்து, ஒரு குழுவுக்கு இலையும் மறு குழுவுக்கு அதனை ஒத்த நிறமும் சுவையுமுடைய வேறு கீரையும் அளித்து, ஆறு திங்களேனும் மூட்டுகளை எண்ணி வரவேண்டும். ஈரல் நொதிகளை ஒவ்வொரு திங்களும் பார்த்தல் வேண்டும்.